கங்காணி வீட்டு வாசல்

இலங்கையின் ஊவாவுக்கு வருகிறவர்கள் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்ப்பார்கள், அப்புத்தளையில் அதிஷம் பங்களாவைப் பார்ப்பார்கள். ரயில் ஜன்னலில் ஓடிமறையும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்காக யாரும் இறங்குவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். இன்னும் ஆட்கள் குடியிருப்பதால் இடிபாடு என்று சொல்லவும் வாய் வருவதில்லை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். துரையையும் தொழிலாளியையும் வைத்துக் கதையை முடித்துவிடலாம். ஆனால் தோட்டத்தில் இன்னொரு வீடும் இருந்தது: பெரிய கங்காணி வீடு. எனக்கு அதன் வாசலில்தான் கால் நிற்கிறது.

அவர் வெள்ளைக்காரர் அல்ல. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களுக்குப் போய் ஆள் கட்டி வந்தவர். வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் வந்தவன் தலையில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் அது ஒழிக்கப்படும்வரை தோட்டங்களுக்கிடையே கைமாறியது அந்தக் கடன்தான். ஆட்கள் அதன் பின்னால் நடந்தார்கள். சொல்லாமல் ஓடினால், 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை.

வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் ஒருவன் காம்பராவில் படுத்திருந்தால் அவருக்கு நட்டம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவனை எழுப்பத் துரை வரவேண்டியதில்லை.

ஆனால் கங்காணி கொடுத்த பணமும் அவருடையதல்ல. தோட்டத்திலும் செட்டியாரிடமும் வாங்கியது. ஆள் செத்தாலும் ஓடினாலும் அந்தக் கடன் அவர் கழுத்தில். ஊருக்குக் கடிதம் போடுவது, சடங்குக்கு முன்பணம் தருவது, மாரியம்மன் திருவிழாவை முன்னின்று நடத்துவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவரே. பெரும்பாலும் மேல்சாதிக்காரர், லயத்தில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அதனால் ஊர்ப் படிநிலையும் கப்பலேறி வந்து சேர்ந்தது. அவர் செய்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் சடங்குக்குத் தந்த முன்பணமும் கடன் கணக்கில்தானே ஏறியது! தோட்ட முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன? தொழிலாளியின் ஆத்திரம் கங்காணி வாசலோடு நின்றுவிடும்.

அந்த ஆத்திரம் வாசலைத் தாண்டியது 1940இல். பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த குழு ஒன்றை அமைத்தார்கள். அதனோடு கலந்து பேசத் துரையும் ஒப்புக்கொண்டார். கங்காணி நின்ற இடத்தில் தொழிலாளர் குழு நின்றது. அந்த ஆண்டு மே 12இல், கூட்டத்துக்கு இருந்த தடையை மீறி இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டத்தில் பேசினார்.

பிறகு 1948. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் கடன் எழுதியவரையும் கடன்பட்டவரையும் பிரித்துப் பார்க்கவில்லை, அதன் கண்ணில் இருவருமே இந்தியர்கள். அந்த உரிமையைத் திரும்பக் கேட்டுத் தொழிற்சங்கம் நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையே கங்காணியாக இருந்து தோட்டம் வாங்கியவர்தான். பாதிக்கப்பட்டவன், பாதித்தவன் என்று கோடு கிழிக்க வருகிறவர்களுக்கு மலையகம் இப்படித்தான் சிரமம் கொடுக்கும். என் கணக்கில் கங்காணி குற்றவாளிதான்; ஆனால் முதல் குற்றவாளி அல்ல.

கம்பளைப் பக்கம் பழைய லயமொன்றில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் துண்டோ கடன் நோட்டோ கிடந்தால் கறையான் தின்னுமுன் அங்கே கொடுத்துவிடுங்கள். கங்காணி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.