ஒன்றும் போடாத பாத்தி

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய ஆய்வு தொடங்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தலைப்பை எடுத்தால் சுருக்காக முடிக்கலாம் என்பதுதான். தலைப்பை உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். பண்ணையிலும் மண் ஆய்வுகூடத்திலும் வேலை செய்து தலை நரைத்த எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறொன்று. உங்கள் பரிசோதனையில் ஒன்றும் போடாமல் விடுகிற ஒரு பாத்தி இருக்கும். அதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பாருங்கள். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பாத்தி உங்களுக்கு உதவும்.

மாட்டெரு போட்டால் கொச்சிக்காய் எவ்வளவு கூடக் காய்க்கும் என்று பார்க்க ஒரு பிள்ளை வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு இரண்டு தொன், நான்கு தொன், ஆறு தொன் என்று மூன்று அளவு எடுக்கிறாள். நாலாவது பாத்திக்கு எருவே இல்லை. மற்றப்படி அதே கன்று, அதே நாளில் நடுகை, அதே தண்ணீர், அதே களையெடுப்பு. ஆறு கிழமை போனதும் மற்றப் பாத்திகள் கருகருவென்று நிற்க, இது மட்டும் மஞ்சளித்துப்போய் நிற்கும். களை பிடுங்க வருகிற அக்காமாருக்குப் பொறுக்காது. "என்ன மகள், இதுக்கு மட்டும் ஒண்டும் போடல்லையா? பாவம் கா, ஒரு புடி அள்ளிப் போட்டு விடுங்களேன்" என்பார்கள். இரக்கப்பட்டு அந்த ஒரு பிடியைப் போட்டால் அன்றோடு பரிசோதனை முடிந்தது. மஞ்சளித்து நிற்கிற அந்தச் செடிதான் மற்றச் செடிகளின் பச்சைக்குச் சாட்சி.

எரு போட்டால் காய்க்கும் என்பது எங்கள் பாட்டனுக்கே தெரியுமே, இதற்கு ஏன் ஆய்வு என்று கேட்பவர்கள் உண்டு. காய்க்கும் என்பது பாட்டனுக்குத் தெரியும். எவ்வளவு போட்டால் எவ்வளவு கூடும், எந்த அளவோடு கூடுவது நிற்கும், கூடிய காயின் விலை எருவின் செலவைத் தாங்குமா, அந்த வருடம் பெய்த நல்ல மழையின் பலனை எருவின் கணக்கில் எழுதிவிட்டோமா என்பவற்றைப் பாட்டன் அளந்து பார்த்ததில்லை. அளப்பதுதான் உங்கள் வேலை.

அளப்பதற்கு முன்னர் காணியை நடந்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து மண் ஒரே சீரானதல்ல. கடற்கரையோரம் வெறும் மணல். மேற்கே போகப் போகச் சுண்ணாம்பற்ற கபில மண். தாழ்ந்த வயல் வட்டைகளில் வண்டல். ஒரே காணிக்குள்ளேயே வாய்க்காலோரம் ஈரம் நிற்கும், மேட்டில் நிற்காது. ஒரு மூலையில் நாலைந்து வருடத்துக்கு முன்னர் மாட்டுப் பட்டி கிடந்திருக்கும். அந்த இடத்தில் விதைத்தது எதுவானாலும் இன்றைக்கும் செழித்துத்தான் வளரும். உங்கள் எருப் பாத்திகள் முழுக்கப் பட்டி கிடந்த மூலையிலே விழுந்துவிட்டால், எருவைப் புகழ்ந்து ஆய்வேடு எழுதுவீர்கள். புகழ் சேர வேண்டியது பழைய பட்டிக்கு. அதனால்தான் காணியைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா அளவுகளையும் வைக்கிறோம். எந்த அளவு எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம். நமக்குப் பிடித்ததை நல்ல நிலத்தில் வைக்கத்தான் கை தன்பாட்டில் போகும். சீட்டுக்கு அந்த ஆசை இல்லை. பட்டி எங்கே கிடந்தது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. வயல் பார்க்கிற முல்லைக்காரரைக் கேளுங்கள்.

இந்த ஒழுங்கு உருவாகி நிலைக்க நெடுங்காலம் எடுத்தது. இங்கிலாந்தில் ரொத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் லோஸ், கில்பேட் என்ற இருவர் 1843 இல் ஒரு கோதுமை வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பசளை போடத் தொடங்கினார்கள். ஒரு பட்டைக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை. அவர்கள் இருவரும் இறந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. அந்தப் பட்டைக்கு இன்றும் ஒன்றும் போடுவதில்லை. ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் கோதுமை அதிலும் விளைகிறது. பசளை போட்ட பட்டைகள் அதைப்போல் பல மடங்கு தருகின்றன. அங்கே குவிந்து கிடந்த கணக்குகளைப் பார்த்துச் சொல்ல 1919 இல் வேலைக்கு வந்தவர் ரொனால்ட் ஃபிஷர். எழுமாற்றாகப் பாத்தி ஒதுக்குவதையும், திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பதையும், தொகுதி பிரிப்பதையும் விதியாக வகுத்துத் தந்தவர் அவர். நீங்கள் கணினியில் போடுகிற புள்ளிவிபரக் கணக்கின் வேர் அந்த வயலில் இருக்கிறது.

எங்கள் கரைக்கே வருவோம். 2004 டிசம்பர் 26 இல் சுனாமியாகக் கடல் ஏறியபோது, அது புகுந்த கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகின. உதவிக்கு வந்தவர்கள் மோட்டார் போட்டு இறைத்தார்கள். இறைத்துக் கொட்டினால் உப்புப் போய்விடும் என்பது யாருக்கும் தோன்றுகிற எண்ணம்தான். மணலுக்குக் கீழே நன்னீர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் பயம் வந்தது. மழைநீர் பாரம் குறைந்தது. பாரமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே அளவுமீறி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அப்போது கல்லடி, களுதாவளை, ஒலுவில் பகுதிகளில் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் கிணறுகளை அளந்தார்கள். கடல் புகுந்த கிணறுகளோடு, கடல் எட்டாத கிணறுகளையும் சேர்த்தே அளந்தார்கள். எட்டாத கிணறு இல்லாவிட்டால், இந்த மணலில் வழமையாக இருக்கிற உப்பு எவ்வளவு, கடல் கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. உப்பைக் கழுவுவதில் பெரிய பங்கு எங்கள் மாரி மழைக்குத்தான். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள் என்ற அறிவுரை இப்படிப்பட்ட அறிவிலிருந்துதான் வந்தது. நல்ல மனதோடு செய்கிற வேலையையும் அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அளக்காமல் செய்ததன் விலையை 2021 இல் நாடே கொடுத்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்தது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல நோக்கம். எண்ணைப் பாருங்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏக்கருக்கு 40 கிலோ நைதரசன் கொடுக்க யூரியா என்றால் 87 கிலோ போதும். ஒரு வீத நைதரசன் உள்ள கூட்டெரு என்றால் 4,000 கிலோ வேண்டும். அதுவும் முழுக்க அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடுவிக்கும். ஒரு மாவட்டத்தில் சில வட்டைகளை மாற்றிப் பார்த்து, பக்கத்து வட்டைகளைப் பழையபடி விட்டு, இரண்டு மூன்று போகம் அளந்திருக்கலாம். நாடு முழுவதையும் ஒரே நாளில் ஒரே பாத்தியாக்கினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தும்போது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. அந்தப் போக நெல் விளைச்சல் பெருமளவு விழுந்தது. அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

இரசாயனப் பசளைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கரையோர மணலைக் கையில் அள்ளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஊற்றிய கையோடு கீழே போய்விடும். யூரியா நைத்திரேற்றாக மாறியதும் அந்தத் தண்ணீரோடு அதுவும் இறங்கும். மரக்கறித் தோட்டத்துக்குப் பக்கத்திலே குடிக்கிற கிணறும் இருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஆகவே கூடப் போடுவதும் கேடு, ஒரேயடியாக நிறுத்துவதும் கேடு. எந்த மண்ணில், எந்த மழைக்கு, எத்தனை தடவையாகப் பிரித்துப் போடுவது என்ற சின்னக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும். உலகத்தைத் திருத்துகிற தலைப்பைத் தேடாதீர்கள். இந்த மணலுக்கு ஒரு சரியான எண் கண்டுபிடித்தால் அதுவே பெரிய வேலை.

இனிப் பண்ணைக்கு வெளியே வருவோம். எங்கள் வீடுகளில் பிள்ளைகளை ஒப்பிடாத நாள் இல்லை. மாமாவின் மகன் கனடாவில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டான், நீ இன்னும் முதுமாணியிலே நிற்கிறாய் என்பார்கள். பாத்திப் பாடம் படித்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிடுவதென்றால் மண், தண்ணீர், நட்ட நாள் எல்லாம் ஒன்றாக இருந்து, ஒரே ஒரு விடயத்தில் வித்தியாசம் இருக்க வேண்டும். அவனுக்குக் கிடைத்த ஆய்வுகூடம் வேறு, காசு வேறு, நிம்மதி வேறு. உங்கள் பெரும்போகத்தில் கார்த்திகை வெள்ளம் வந்து பாத்தியை மூடினால் அடுத்த மாரி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவனுடைய கண்ணாடிக் கூடத்துக்கு வெள்ளம் வராது. ஒப்பிட வேண்டுமென்றால் போன வருடத்து உங்களோடு இந்த வருடத்து உங்களை ஒப்பிடுங்கள்.

அதே பாடம் மறுபக்கமும் பேசும். நாளைக்கு நீங்கள் அதிகாரியாக வருவீர்கள். உங்கள் ஆலோசனை கேட்ட விவசாயிக்கு நல்ல விளைச்சல் வரும். உடனே மார்தட்டாதீர்கள். கேளாத பக்கத்து வயலும் அந்த வருடம் நன்றாக விளைந்ததா என்று போய்ப் பாருங்கள். நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் மழையால் என்று சொல்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரிடமும் ஒன்றும் போடாத பாத்தி இருந்ததில்லை.

அடுத்தது, எழுதி வைக்கிற பழக்கம். காலையில் மழைமானியில் எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பாத்திக்கு யார் களை எடுத்தார், மூன்றாம் தொகுதியில் எந்த இரவு மாடு பூந்தது என்பதை அன்றன்றே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் பிறகு எழுதுவது உங்கள் விருப்பமாகத்தான் இருக்கும். இந்த வளாகத்துக்கு அதன் அருமை தெரியும். 1981 இல் வந்தாறுமூலை மகா வித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது இது. 1990 செப்டம்பர் 5 ஆம் திகதி, இங்கே அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்த அகதி முகாமைப் பொறுப்பெடுத்து நடத்தியவர்கள் கணக்கை விடாமல் வைத்திருந்து, பிற்பாடு விசாரணை ஆணைக்குழுவின் முன்னும் சொன்னார்கள். அதனால்தான் அந்த எண்ணை இன்றைக்கும் யாராலும் அழிக்க முடியவில்லை. நீங்கள் நடக்கிற நிலம் அது. இங்கே கள ஏட்டில் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையில் நிரப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று அளவும் போட்டுப் பார்த்து, புள்ளிவிபரக் கணக்கும் போட்டு, ஒன்றுக்கொன்று குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று வந்தால் பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். ஆய்வு தோற்றுவிட்டது என்று நினைத்து, எங்காவது வித்தியாசம் தெரிகிறதா என்று எண்களைக் கிண்டத் தொடங்குவார்கள். அது வேண்டாம். ஏக்கருக்கு ஆறு தொன் எரு போட்டவருக்கும் நாலு தொன் போட்டவருக்கும் ஒரே விளைச்சல் என்றால், இரண்டு தொன் எருவின் விலையும் ஏற்றிறக்கக் கூலியும் வீண் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதை அப்படியே எழுதுங்கள். ஆய்வேட்டை நூலகத்தில் ஒப்படைத்த கையோடு, காணி தந்த விவசாயியின் வாடிக்குப் போய் அவருக்கு விளங்குகிற தமிழில் முடிவைச் சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு அவர் இரண்டு லோட் எரு குறைவாக ஏற்றினாலே உங்கள் படிப்புக்கு ஊர் செலவழித்த காசு திரும்ப வரத் தொடங்கிவிடும்.