மடியிற் கனம்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியோ, எனக்குக் கற்பித்த ஆசான்களின் பெருமை பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நான் எழுதப் புகுவதோ துவக்கைப் பற்றி. இதனைக் காணும் பழைய மாணவ அன்பர் சிலர் நகைக்கவுங் கூடும். வெண்கட்டி பிடிக்குங் கைக்கும் வெடிகுழலுக்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

என் தமக்கையின் கணவர் கண்டி நகரிலே பலசரக்குக் கடை நடத்துபவர். வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம். இரவு எட்டு மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய விற்பனைப் பணத்தைப் பையிலிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வது அவருடைய நெடுநாள் வழக்கம். 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓரிரவு, வீட்டுப் படலைக்கு முன்பாகவே, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவரைத் தள்ளி வீழ்த்திவிட்டுப் பையைப் பறித்துச் சென்றனர். போன பணம் பெரிதன்று. மணிக்கட்டு முறிந்தது, அதனினும் மோசமாக மனம் முறிந்தது. அடுத்த மாதமே திகன, தெல்தெனிய ஆகிய இடங்களில் கலவரம் மூண்டது. கடைகளும் இல்லங்களும் எரிந்தன. மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டமும், நாட்டில் அவசரகால நிலையும் பிறப்பிக்கப்பட்டன. அம்முறை துன்புற்றோர் முஸ்லிம் மக்களேயாயினும், 1983 ஜூலையைக் கண்ட எங்கள் குடும்பத்தில் அவ்விரவுகளில் எவரும் கண்ணுறங்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் அத்தான் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, ஒரு கைத்துவக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். சட்டைக்குள்ளே பிறர் கண்ணிற் படாமல் எந்நாளும் வைத்திருக்கக் கூடியதாக வேண்டும். அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். எழுத்துக்கு நீர்தான் ஆள்.”

எழுத்துக்கு நான்தான் ஆள் என்னுஞ் சொல் என்னை மயக்கிற்று. இலங்கையில் துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தால் ஆளப்படுவது. பயிர்க் காவலுக்கு வேண்டிய நெடுந்துவக்குக்கு மாவட்டச் செயலகத்தை அணுகலாம். தற்காப்புக்கான கைத்துவக்குக்கோ பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அதனையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். உயிருக்கு உண்மையான ஆபத்து உண்டு என்பதை விண்ணப்பதாரர் விளக்கியாக வேண்டும். அவ்விளக்கத்தை எழுத இரண்டிரவுகள் விழித்திருந்தேன். “நாள்தோறும் மரணத்தின் நிழலில் நடமாடுகின்றேன்” என்றொரு வாக்கியம் அதில் அமைந்தது. எழுதி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்தது. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. அதுவரை தம்மிடம் இருந்தது அத்துணைப் பெரிய அச்சம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அச்சத்தை நான் அழகாக எழுதினேன். அழகாக எழுதியமையால் அவர் அதனை நம்பினார். இப்பிழையை நான் பின்னரே உணர்ந்தேன்.

நிற்க. எத்தகைய துவக்கு ஏற்றது என்பதை அறிய வேண்டுமல்லவா? அத்தானின் வாடிக்கையாளராகிய சிங்களப் பெரியவர் ஒருவர் பொலிஸ் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேராதனைப் பக்கத்திலுள்ள அவரது இல்லத்துக்கு இருவருஞ் சென்றோம். அவர் தேநீர் தந்து, மாணவருக்குப் பாடஞ் சொல்வதுபோற் பொறுமையுடன் விளக்கினார்.

கைத்துவக்கு இருவகைத்து. ஒன்று சுழல்துப்பாக்கி. அதன் நடுவே உருளையொன்று உண்டு. ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் அதிலே தங்கும். விசையை இழுக்குந்தோறும் உருளை ஓரிடஞ் சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே நிறுத்தும். பொறி எளிது, ஒரு தோட்டா வெடிக்காவிடினும் மீண்டும் விசையை இழுக்க அடுத்தது வரும். மற்றையது பிஸ்டல். பிடியினுள்ளே செருகும் பெட்டகத்தில் தோட்டாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். சுட்டவுடன் எழும் எதிருதைப்பே மேலுறையைப் பின்தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, புதிய தோட்டாவை உள்ளே ஏற்றும். தட்டையானது, ஆகவே மறைத்து வைக்க எளிது, தோட்டாக்களும் மிகுதி. ஆயின் பெட்டகத்தைக் கழற்றிவிட்டேன், துவக்கு வெறுமையாயிற்று என்று நம்பி உயிரிழந்தோரும் உளர். குழலறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கும்.

“சிறிய துவக்கு மறைக்க நல்லது; சுட நல்லதன்று” என்றார் அவர். குழல் குறுகினால் குறி பிசகும்; எடை குறைந்தால் உதைப்பு மிகும். எடை கூடினால் சுடுவதற்கு அமைதி, சுமப்பதற்குத் தொல்லை. முதலாம் உலகப் போர்க் காலத்து வெப்ளி சுழல்துப்பாக்கி ஏறத்தாழ ஒரு கிலோ. அதனை இடுப்பில் மறைத்தல் அரிது. மறைத்து வைப்பதற்கென்றே செய்த, ஐந்து தோட்டாக் கொள்ளும் குறுங்குழல் ஸ்மித் அண்ட் வெசன் அரைக் கிலோவுக்குச் சற்றே மேல்.

அத்தான் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு எது பொருந்தும், ஐயா?” என்றார்.

பெரியவர் நேரடியாக விடை கூறவில்லை. “முதலாளி, உங்கள் கடையிலே எடைக்கற்கள் உண்டல்லவா? அறுநூறு கிராம் எடுத்து ஒரு துணியிற் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் நடமாடுங்கள். நித்திரைக்குப் போகும்வரை கழற்ற வேண்டாம். அதன்பின் வாருங்கள், சொல்கிறேன்” என்றார்.

மின்தராசு வந்தபின் மூலையிற் கிடந்த பழைய கற்களுள் அரைக் கிலோவொன்றும் நூறு கிராமொன்றும் அன்று மாலையே அத்தானின் இடுப்பேறின.

அந்நாட்களில் நானும் சில நூல்களைப் புரட்டினேன். மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட கைத்துவக்கின் வரலாறு எங்ஙனம் அமைந்துள்ளது எனக் கண்டபோது வியப்புற்றேன். 1911 ஜூன் 17 ஆம் நாள் மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்திற் செய்த பிரௌனிங். 1948 ஜனவரி 30 ஆம் நாள் டில்லியிலே காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது இத்தாலிய நாட்டுப் பெரெட்டா. 1959 செப்டெம்பர் 25 ஆம் நாள் கொழும்பு றொஸ்மீட் பிளேசிலே பிரதமர் பண்டாரநாயக்கா அவர்களை அவரது இல்லத்திலேயே சாய்த்தது, காவியுடைக்குள் மறைந்திருந்த சுழல்துப்பாக்கி. அங்கே காவலர் இல்லாமலில்லை. துவக்கேந்திய காவலர் நின்றார். கொலைஞனைச் சுட்டுக் காயப்படுத்தவுஞ் செய்தார். ஆயினும் பிரதமர் மறுநாள் உயிர் துறந்தார். தாக்குவோன் நாளையும் நாழிகையையும் தானே குறிக்கின்றான். காப்போனோ அவன் குறித்த நாழிகைக்குப் பிந்தியே விழிக்கின்றான். மறைந்த படைக்கலம் எய்துபவனுக்குத் துணையாகுமளவு காப்பவனுக்குத் துணையாவதில்லை. படலையிலே பின்னாலிருந்து தள்ளி வீழ்த்தப்பட்ட அத்தானிடம் அன்றிரவு துவக்கு இருந்திருப்பின், பையோடு அதுவும் போயிருக்கும். கள்வர் இருவரும் ஆயுதபாணிகளாய்த் திரும்பியிருப்பர்.

இவற்றை அத்தானிடங் கூறினேன். அவர் கேட்கவில்லை. அக்காள் வேறொன்று கேட்டாள்.

“இரவிலே அதை எங்கே வைப்பீர்கள்? வீட்டிலே இரண்டு பிள்ளைகள். தோட்டாவை வேறாக எடுத்து அலுமாரியிற் பூட்டினால் கள்வன் வரும்போது உதவாது. தலையணைக்குக் கீழே வைத்தால் பிள்ளையின் கைக்கு எட்டும். இரண்டில் எது?”

அத்தான் வாய் திறக்கவில்லை. ஆயினும் எடைக்கல்லைக் கழற்றவுமில்லை.

மூன்றாம் வாரம் அது நிகழ்ந்தது. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர், பல்லாண்டு வாடிக்கையாளர், மாலை வேளையிற் கடைக்கு வந்தார். கணக்கிலே பிழை உண்டென்றார். அத்தான் இல்லையென்றார். சொல் தடித்தது. வழக்கமாயின் அத்தான் அத்தகைய வேளைகளில் வெற்றிலைத் தட்டத்தை முன்னே தள்ளிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வந்தவர் சினத்தோடு தம் தோற்பைக்குள் கையை விட்டார். அக்கணத்தில் அத்தானின் வலக்கை, அவர் அறியாமலே, சட்டையை விலக்கி இடுப்புக்குச் சென்று எடைக்கல்லை இறுகப் பற்றிற்று.

பையிலிருந்து வெளிவந்தது கடன் கொப்பி.

கணக்கைச் சரிபார்த்தபோது பிழை அத்தானுடையதாகவே இருந்தது. ஆயிரத்திருநூறு ரூபாய் இருமுறை பதியப்பட்டிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புங் கேட்டார். அவர் போனபின் கடையின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, அரிசி மூட்டையின்மேல் அமர்ந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் சென்றபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, அது கல்லாக இருந்தபடியாற் தப்பினேன். அந்தக் கொப்பியை அல்லவா நான் சுட்டிருப்பேன்!” என்றார். சிறிது நேரத்தின்பின், “இந்த மூன்று கிழமையும் என்னோடு முட்டிய ஒவ்வொருவனையும் கள்வன் என்றே பார்த்தேன். சின்னவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தால் தள்ளிவிட்டேன். பெரியவர் அதற்காகத்தான் கட்டச் சொன்னார் போலும்” என்றார்.

மடியிலே கனம் இருந்தால் வழியிலே பயம் என்பது நம் பழமொழி. கனம் என்றது பணத்தை என்றே இதுகாறும் மாணவருக்குப் பொருள் கூறி வந்தேன். பயத்துக்கு மருந்தாக மடியில் ஏற்றுங் கனமும் பயத்தையே வளர்க்கும் என்னும் பொருளை, பலசரக்குக் கடையொன்றின் அரிசி மூட்டையருகே நின்றுதான் நான் கற்றேன்.

மறுவாரம் இருவரும் பெரியவரிடஞ் சென்றோம். அவர் எதுவும் வினவாமலே முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டார். அதன்பின் அவர் கூறிய அறிவுரை மிகச் சாதாரணமானது: பணத்தை இரவிற் சுமவாது பகலிலேயே வங்கியில் இடுக, ஒரே நேரத்தில் ஒரே வழியிற் செல்லற்க, தனியே செல்லற்க, படலைக்கு விளக்கொன்று போடுக. அத்தான் அவ்வாறே செய்தார். இன்றுவரை தீங்கெதுவும் நேரவில்லை. இனியும் நேராது என்று நான் உறுதி கூறேன். உலகம் அத்துணை நல்லதன்று. உண்மையான கொலை மிரட்டலுக்கு உள்ளாகி, முறைப்படி அனுமதி பெற்று, பயிற்சியும் பெற்று ஆயுதம் வைத்திருப்போரை நான் இகழவுமில்லை. ஆயினும் அவ்வனுமதியும் நிலையானதன்று. 2024 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்ததை அன்பர்கள் அறிவர். அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அத்தான், “என்னுடையது தராசுத் தட்டிலேயே இருக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை” என்று நகைத்தார்.

நான் எழுதிய விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. அது என் மேசையறையில் உள்ளது. மரணத்தின் நிழல் என்னும் அவ்வாக்கியத்தை இப்பொழுது வாசிக்கும்போது நாணம் உண்டாகின்றது. மாணவர்க்கு மனு எழுதப் பயிற்றும்போது, “நடந்ததை எழுதுங்கள், நடுங்கியதை எழுதாதீர்கள்” என்று கூறிவருகின்றேன். காரணம் அவர்க்குத் தெரியாது. அன்பர்களாகிய உங்களுக்கு இன்று தெரிந்தது. தோட்டாவைப் போலவே சொல்லும் குழலைவிட்டு நீங்கினால் மீளாது. வெண்கட்டி பிடிக்குங் கைக்கும் வெடிகுழலுக்கும் உள்ள தொடர்பு அதுவே.

நவராத்திரி முடிவில் அத்தான் கடையிலே ஆயுத பூசை நிகழும். பேரேடு, தராசு, கத்தரிக்கோல், சாக்கு ஊசி யாவும் சந்தனப் பொட்டிட்டு வரிசையாய் இருக்கும். அவற்றின் நடுவே, பயன்படாத பழைய எடைக்கற்கள் இரண்டிற்கு மட்டும் அவர் தம் கையாலேயே குங்குமம் இடுகின்றார். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் அதன் காரணத்தை ஒருமுறை கேட்டான்.

“அதுதான் எனது துவக்கு” என்றார் அத்தான்.