ஓசூரில் இறங்கும் முதல் நாள்

கையில் காசு குறைவாக உள்ள பயணிக்கு ஓசூர் ஏற்ற ஊர். பேருந்து நிலையத்திலேயே தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து காதில் விழும். காலையில் சந்திரசூடேஸ்வரர் மலை ஏறினால் சிப்காட் ஆலைக் கூரைகள் வரை தெரியும். அடுத்தது டவுன் பஸ்சில் தொரப்பள்ளி. 1878இல் ராஜாஜி பிறந்த சிறிய வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த இடம் இவ்வளவு எளிமையானதா என்று வியக்காமல் திரும்ப முடியாது. மதியத்துக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும்.

பிறகு கிருஷ்ணகிரி. அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். வில்லோடும் வாளோடும் நிற்கும் அந்த வீரர்கள் இம்மண்ணின் சாமானியர்கள். மலைக்கோட்டையை 1791இல் ஆங்கிலப் படை தாக்கியும் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் இந்தக் கோட்டை அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. வெயில் தாழ்ந்தபின் ஏறுவது நல்லது.