தெரிந்தேதான் விற்றேன்

ஒலிம்பஸ் மியூ-2 என்ற சின்ன பிலிம் கேமராவைப் புகழ்ந்து நான் நிறைய எழுதியிருக்கிறேன். என்னுடையது பழுதான பிறகும் எழுதினேன். பழுது தெரிந்தே அதை ஒரு பையனுக்கு விற்றேன். அவன் எடுத்த படங்கள் பாழானபோது, தப்பு அவனுடையது என்று சொன்னேன். இதில் எதையும் மறைக்கப்போவதில்லை. தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997-இல் வந்தது. எடை 135 கிராம். சட்டைப் பையில் அடங்கும். முன்மூடியை விரலால் தள்ளினால் போதும், படமெடுக்கத் தயார். 35 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ். தூறலில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. டிஜிட்டல் வந்து ஊரே பிலிமைக் கைகழுவியபோது 600 ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு இளைஞர்களுக்குப் பிலிம் மேல் ஆசை வந்தது. விலை எங்கோ போய்விட்டது.

இதை வைத்திருப்பவர்களில் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். சிலர் காசைக் கரியாக்கினேன் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நல்ல வெயிலில், தெருவில், இது எடுக்கும் படத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் வந்தால்தான் சங்கடம். வெளிச்சம் குறைந்தால் நம்மைக் கேட்காமல் லென்ஸின் துளையை முழுக்க விரித்துக்கொள்ளும். அப்போது ஃபோகஸ் இம்மி பிசகினாலும் முகம் கலங்கிவிடும். பிளாஷை அணைத்து வைத்தாலும் மூடியைச் சாத்தித் திறந்ததும் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும். மறந்தால், கோயில் பிராகாரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்தில் பளீரென்று அடிக்கும்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதும்போது மட்டும் விட்டுவிடுவேன். 36 படத்தில் தேறிய நாலைந்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பேன். மீதி நெகட்டிவ் உறையிலேயே கிடக்கும். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெருமைக்காகத்தான் அப்படிச் செய்தேன். இந்தக் கேமராவைத் தெரிந்த ஆள் என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மாடிப்படியில் கை நழுவி விழுந்தது. என் கவனக்குறைவு, வேறு காரணம் இல்லை. எடுத்துப் பார்த்தேன். மூடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஃபோகஸ் ஆனதும் எரியும் பச்சை விளக்கு எப்போதும்போல் எரிந்தது. அடுத்த ரோலைக் கழுவிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. தூரத்துக் கட்டடங்கள் எல்லாம் சுத்தம். கிட்டத்தில் நின்று எடுத்த எதிர்வீட்டுக் குழந்தை கலங்கல். அவளுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கேட்டின் துரு வரைக்கும் துல்லியம்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "உள்ளே எல்லாம் சர்க்யூட்டு சார். பிரிச்சா மறுபடி சேர்க்கிறது கஷ்டம். வச்ச இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். ஆகவே, சந்தேகமாக இருந்தது என்றெல்லாம் நான் தப்பிக்க முடியாது. எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான். என் கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தேடி வந்தவன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன். சென்னையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். "உங்க கையில இருந்த கேமராவே கிடைச்சா பாக்கியம் சார்" என்றான். 15,000 ரூபாய் சொன்னேன். மாதாமாதம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது. எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் வைத்தேன். கீறலைக் காட்டி, "லேசா உரசினது, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். கூடவே ஒரு பாடமும் எடுத்தேன்: "பிளாஷ் போடாதே தம்பி. ஜன்னல் வெளிச்சத்துல எடு. அதுலதான் இந்த லென்ஸோட அருமை தெரியும்."

அப்படியே செய்திருக்கிறான். அவன் அப்பா பட்டுத் தறியை விற்றுவிட்டார். கூலி கட்டுப்படியாகவில்லை, காலும் முடியவில்லை. பிரித்து எடுக்க ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், அவரைக் கடைசியாகத் தறிக்குழியில் இறங்கி உட்காரச் சொல்லி ஒரு ரோல் முழுக்க எடுத்திருக்கிறான். பிளாஷ் போடாமல். கிட்டத்தில் நின்று.

பிரிண்டுகளை என் மேஜையில் பரப்பினான். ஒரு படத்தில் அவர் நாடாவைக் கையில் பிடித்திருக்கிறார். கை கலங்கல், முகம் கலங்கல். பின்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் தேதியும் ராகுகாலமும் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவு. கை நடுங்கியிருந்தால் காலண்டரும் சேர்ந்து கலங்கியிருக்கும். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அந்தக் கேட்டின் துருவேதான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்பானே என்று பயம். நான் எழுதியதையெல்லாம் யாரும் நம்பமாட்டார்களே என்று அதைவிடப் பெரிய பயம்.

"ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடிச்சியா?" என்று கேட்டேன்.

"பிடிச்சேன்னுதான் நினைக்கிறேன் சார்."

"நினைச்சா போதாது தம்பி. ஃபோகஸ் செவுத்துக்குப் போயிருக்கு பாரு. கை பழகணும்."

தலையாட்டினான். நான் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாக இருந்தது. இந்த மாதிரிக் கேமராவில் பாதி அழுத்திப் பிடிக்காதவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. உண்மையை எடுத்து ஒரு பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். செல்போனில் எடுக்கவில்லையா என்று கேட்டேன். "நல்ல கேமரா இருக்கேன்னு எடுக்கல சார்" என்றான்.

மறுநாளே தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். குழியில் மண் கொட்டி, மேலே சிமென்ட் பூசியாயிற்று. அவர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலுக்குப் போகிறார். அத்தனை வருஷம் அவர் அந்தக் குழியில் உட்கார்ந்ததற்கு ஒரு நல்ல படம் அந்த வீட்டில் இல்லை.

நானாக மனம் திருந்திச் சொல்லவில்லை. அவன் கேமராவை விற்கப் போவதாகப் போன் செய்தான். வாங்க வந்த மாணவியிடம், "கேமரா நல்ல கேமராங்க, எனக்குத்தான் கை வரல" என்று சொன்னானாம். அதன் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. போனிலேயே சொன்னேன்.

அவன் ஒன்றுதான் கேட்டான். "விக்கிறதுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

15,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்டேன், பதில் சொல்லவில்லை. பிறகு போன் செய்யவில்லை. செய்ய வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

கேமரா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விற்கமாட்டேன். என் கட்டுரைகளோடு நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் அது விழுவதற்கு முன்பு, வெயிலில் எடுத்தவை. அவையும் பொறுக்கி எடுத்தவை. அவற்றை நம்பி இந்தக் கேமராவை வாங்கலாம் என்று யாராவது பணம் சேர்த்துக்கொண்டிருந்தால், நான் எழுதியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவரிடம், கடைசியாகக் கழுவிய ரோலை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.