துவர் ஏறிய துணி

என் அன்னையார் 2019ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில், நானும் என் தங்கையும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நான்கைந்து வெள்ளைச் சேலைகள், ஒரு செபமாலை, என் குருத்துவ அருட்பொழிவு விழாவின் அழைப்பிதழ். எல்லாவற்றிற்கும் அடியில், பழைய செய்தித்தாளில் பொதிந்து ஒரு மஞ்சள் நிறப் பருத்திச் சேலை. இருபத்தொரு ஆண்டுகள் கடந்தும் அதன் நிறம் மங்கவில்லை. அதை நெடுநேரம் கையில் வைத்திருக்க என்னால் இயலவில்லை.

என் தந்தை இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அன்று வெள்ளை உடுத்திய அம்மா, அதன்பின் வேறு நிறம் உடுத்தவில்லை. 1998இல் நான் குருவானேன். எங்கள் ஊரில் நன்றித் திருப்பலிக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் அம்மா தம் வெள்ளைச் சேலைகளுள் ஒன்றை எடுத்து வீட்டிலேயே சாயம் தோய்க்கத் தொடங்கினார். அவருடைய தந்தையார் பரமக்குடிப் பக்கத்தில் நெசவாளர்களுக்கு நூல் தோய்த்துக் கொடுத்தவர். அந்தக் கைப்பழக்கம் மகளுக்கும் வந்திருந்தது.

முதலில் சேலையைச் சவுக்காரமிட்டு வேகவைத்து, கஞ்சி முழுவதும் போக அலசினார். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, அந்தத் தூளைக் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசாமலே உலர்த்தினார். மறுநாள் படிகாரம் கரைத்த நீரில் இன்னோர் இரவு. மூன்றாம் நாள்தான் சாயம். மாதக்கணக்கில் சேர்த்து உலர்த்தியிருந்த மாதுளந்தோலைப் பெரிய மண்பானையில் கொதிக்கவைத்து வடித்து, அந்த நீரில் சேலையை இட்டு, சிறுதீயில் ஒரு மணி நேரம் மரக்கோலால் புரட்டிக்கொண்டேயிருந்தார். இரும்புப் பாத்திரத்தை அருகில் வரவிடவில்லை; இரும்பு பட்டால் அந்த மஞ்சள் கறுத்துவிடும். திண்ணையில் அமர்ந்து மறையுரை எழுதிக்கொண்டிருந்த நான் இவற்றையெல்லாம் பார்த்தேன். யாருக்கான சேலை என்று மட்டும் கேட்கவில்லை.

திருப்பலியன்று காலையில் அம்மா அந்த மஞ்சள் சேலையை உடுத்திக்கொண்டு என் முன் வந்து நின்றார். கைம்பெண் மஞ்சள் உடுத்துவதா? புதுக் குருவின் தாயைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகப் பேசமாட்டார்களா? “ஊரார் என்ன சொல்வார்கள்? வெள்ளையே கட்டிக்கொள்ளம்மா” என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “சரி சாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதுவரை என்னைப் பெயர் சொல்லியே அழைத்துவந்தவர் அவர்.

அன்று நான் ஆற்றிய மறையுரை இன்னும் நினைவிருக்கிறது. திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்கள் என்று பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியதையே விளக்கினேன். குருமடத்தில் கற்ற கிரேக்கத்தையும் விடவில்லை. ‘பாப்டோ’ என்னும் வினைச்சொல்லுக்குத் தோய்த்தல் என்றும், சாயமிடுதல் என்றும் பொருள் உண்டு. திருமுழுக்கைக் குறிக்கும் ‘பாப்டிசோ’ அதிலிருந்து பிறந்ததே என்றேன். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் அமர்ந்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோய்த்தலைப் பற்றி அவருக்கு நான் பாடம் சொன்னேன்!

பெட்டியில் அந்தச் சேலையைக் கண்டபின் எனக்கும் ஒருமுறை சாயம் தோய்த்துப் பார்க்கும் ஆவல் எழுந்தது. திருவிழாவில் சுரூபத்துக்குச் சாற்றிய செண்டுப்பூ மாலைகள் வாடிக் கிடந்தன. அவற்றை வேகவைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றை அதில் அமிழ்த்தினேன். பொன்னிறமாக வந்தது. இரண்டே சலவையில் வெளிறிப் போயிற்று. ஏமாற்றத்தோடு அதைக் கொடியில் விரித்தபோது, ஆலயம் பெருக்க வரும் பாட்டி பார்த்துவிட்டு, “துணிக்குக் கடுக்காய் கொடுத்தீங்களா சாமி?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நம் பேச்சில் கடுக்காய் கொடுப்பது ஏமாற்றுவதல்லவா? ஆனால் துணிக்குக் கடுக்காய் கொடுக்காவிட்டால்தான் ஏமாற்றம்.

பருத்தி நூல் பெரும்பாலான செடிச் சாயங்களைத் தானாக இறுகப் பற்றுவதில்லை. கடுக்காயின் துவர் முதலில் நூலில் ஏறவேண்டும். அந்தத் துவரைப் படிகாரம் பற்றும். படிகாரத்தைச் சாயம் பற்றும். அரைக் கிலோ துணிக்கு 100 கிராம் கடுக்காய்த் தூளும் 75 கிராம் படிகாரமும் போதும். இயேசு சபைக் குரு கேர்தூ, சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் கலையைக் கிறிஸ்தவக் கைவினைஞர்களிடம் கேட்டறிந்து, 1742இல் ஒரு நீண்ட மடலாக எழுதினார். அதிலும் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது பேசப்படுகிறது. கற்பிக்க வந்த குரு கற்றுக்கொள்ள அமர்ந்தார். எனக்கு அந்த மனம் வர ஐம்பது வயது ஆயிற்று.

என் குறை எது என்பது அப்போது விளங்கிற்று. திருமுழுக்கும் இறையியலும் என்னைத் தோய்த்திருந்தன. ஆனால் நான் ஊறவில்லை. ஊராரின் ஒரு சொல்லுக்கு அஞ்சியதுமே என் சாயம் வெளுத்துவிட்டது. அம்மாவோ பதினேழு ஆண்டுகளின் துவர்ப்பை விழுங்கியவர். துன்பம் தானாகவே எவரையும் தூயவராக்கிவிடாது. துவர் மட்டும் ஏறிய துணி, நிறமற்ற பழுப்புத் துணியே. அவர் அதன்மேல் மகிழ்ச்சியின் நிறத்தை ஏற்ற விரும்பினார். அதை உடுத்த நான்தான் விடவில்லை.

கடந்த ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவுத் திருப்பலியில் இதை மக்களிடம் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சார்ந்த ஓர் இளம் கைம்பெண் பணியகத்திற்கு வந்தார். “சாமி, அந்தச் சாயம் எப்படிப் போடுவது?” என்று கேட்டார். அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது சாயத்தை மட்டுமன்று என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆயினும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறன்று அவர் மஞ்சள் சேலை உடுத்தி முதல் வாசகம் வாசிக்க வந்தார். பின்வரிசையில் சில தலைகள் திரும்பின. சிறு முணுமுணுப்பும் எழுந்தது. அவர் குரல் நடுங்கவில்லை. வழியனுப்பும்போது ஆலய வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னேன்: “நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறதம்மா.”

இருபத்தாறு ஆண்டுகளுக்கும் முன்னர், வேறொரு வாசலில், வேறொருவரிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.