தோட்டா வேறு, குண்டு வேறு

நம்மூர் சினிமாவில் "தோட்டா பாய்ந்தது" என்று வசனம் எழுதுகிறார்கள். பாய்வது தோட்டா இல்லீங்க, குண்டு. பித்தளைக் கூடு, அடியில் பொறி தட்டும் மூடி, உள்ளே மருந்து, நுனியில் குண்டு, இந்த நாலும் சேர்ந்தால்தான் தோட்டா. சுட்டதும் குண்டு மட்டும்தான் போகும். கூடு இங்கேயே கிடக்கும்.

வளவனூர்க்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்கு என்கிறீர்களா? காரணம் டெக்சாஸில் இருக்கும் என் மச்சான். அங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், வருஷம் முழுக்கச் சுடலாம். மச்சான் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்ட கூட்டை எடுத்துவந்து, வீட்டிலேயே மருந்தை எடைபோட்டு நிரப்புகிறார். போன் பண்ணினால் பாதி நேரம் குண்டு பேச்சுதான் :-)

"மருந்து மிச்சம் பிடிக்கலாம் மாப்ளே, குண்டுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது" என்பார். அவர் போடுவது 150 கிரெயின் குண்டு, ஏறக்குறைய 9.7 கிராம். நம்ம கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல். விலையும் பவுன் மாதிரிதான் என்று அக்கா புலம்பல்!

விலை ஏன் அதிகம்? ஈயம் மெத்து. வேகமாகப் போய் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் தோலுக்கடியில் கேடயம் மாதிரி ஒரு தடிப்பு உண்டு. சிதறின குண்டு அதைத் தாண்டி இருதயத்துக்குப் போகாது. சிதறவே சிதறாத கெட்டிக் குண்டு என்றால் ஊசி மாதிரி அந்தப் பக்கம் போய்விடும். இரண்டிலும் பன்றி உடனே சாகாது. ஓடிப்போய்ப் புதரில் படுத்து, மெதுவாகச் சாகும்.

1946இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது இதேதான் நடந்தது. குண்டு மேலேயே உடைந்துபோனது. மனுஷன் வீட்டுக்கு வந்து யோசித்தார். முன்னால் ஈயம், பின்னால் ஈயம், நடுவில் செம்புத் தடுப்பு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே இறங்கும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. பார்ட்டிஷன் என்று பேர். இன்றைக்கும் விற்கிறது. அப்புறம் 1980களில் முழுக்கச் செம்பாலேயே குண்டு வந்தது.

செம்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கறியில் ஈயத் துகள் தங்காது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மிச்சத்தைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தால் செத்ததால்தான், கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு எங்க ஏரிக்கரைதான் ஞாபகம் வரும். வேட்டைத் தடைச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. எங்க ஏரிக்கு வந்துசேர ரொம்ப நாளாச்சு. சின்ன வயசில் ஒரு குருவிக்காரர் நாட்டுத் துப்பாக்கியில் வாய் வழியாக மருந்து போட்டு, கம்பியால் இடித்து, ரவை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடுப்பில் இரண்டு பை, இரண்டு சைஸ் ரவை. பெரிசைப் போடச் சொன்னேன். "கொக்குக்கு அதைப் போட்டா கறி ஏது சாமி?" என்று சிரித்தார். மச்சான் தராசு வைத்துச் செய்கிற கணக்கை அவர் கைநிதானத்தில் செய்தார். அந்தக் கறியில் கடிபட்ட ஈய ரவையைத் துப்பிவிட்டுத் தின்ற பிள்ளைகளும் உண்டு. அது விஷம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது நம்ம பக்கமே இந்தப் பேச்சு வந்துவிட்டது. செஞ்சிப் பக்கத்தில் என் சொந்தக்காரர் மல்லாட்டை போடுவதையே விட்டுவிட்டார், பன்றிதான் காரணம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் ஆட்சேபணை இல்லை. திருட்டுக் கரண்ட் கம்பியில் மனுஷனும் சேர்ந்து சாகிறான். அவுட்டுக்காய் கடித்த பன்றி வாய் கிழிந்து நாள்கணக்கில் அலைகிறது. அதைவிடத் துப்பாக்கி மேல்.

ஆனால் ஒன்று. சுடலாமா கூடாதா என்று ஊரே பேசுகிறது. எந்தக் குண்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாகப்போகிற பன்றிக்கு அந்த ஒரு கேள்விதானே முக்கியம்?