வல்லியைக் காணப் போனது

இத்தாலியின் லூக்கா நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இசையமைப்பாளர் புச்சீனியை நாடியே வருகிறார்கள். அவர் பிறந்த இல்லம் காட்சிசாலையாக விளங்குவதும், அதன் அருகே சிறு சதுக்கத்தில் அவரே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, விரலிடுக்கில் சிகரெட்டுடன், வெண்கல உருவாய் வீற்றிருப்பதும் அந்த ஊருக்கு நியாயமான பெருமைதான். ஆனால், குளிர் எலும்பைத் துளைத்த ஒரு பிப்ரவரி மாதத்தில் நான் ஃபிளாரன்ஸில் ரயிலேறியது, புச்சீனிக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக 1854-ல் அதே ஊரில் பிறந்து, 1893-ல், 39 வயதிலேயே, க்ஷயரோகத்துக்கு இரையாகிவிட்ட ஆல்ஃபிரேடோ கத்தலானியின் பொருட்டு. அவருடைய கடைசி இசைநாடகமான ‘லா வல்லி’, அவர் பிறந்த மண்ணிலேயே, ஜில்லியோ அரங்கில் மேடையேறுகிறது என்று அறிந்த அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

அந்த நாடகத்தில் ஒரே ஒரு பாட்டுத்தான் எனக்குத் தெரியும். உலகத்தில் பலருக்கும் அந்த ஒன்றுதான் தெரியும் என்றால் அது மிகையாகாது. வீட்டை விட்டுத் தொலைதூரம் போய்விடுகிறேன் என்று கதாநாயகி பாடுகிற அந்த நாலைந்து நிமிஷ சங்கீதத்தை ரெனாட்டா தெபால்டியின் குரலில் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு, அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் மனத்தில் தடம் பதித்திருந்தது. ஒரு காவியத்தின் ஒற்றைச் செய்யுளைத் தனிப்பாடலாகவே மனனம் செய்துவிட்டு, அதை யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார்கள் என்று கேளாமலே காலம் கழித்தவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே எனக்கும் தெரிந்திருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அந்தப் பாட்டு பிறந்ததும் தனியாகத்தான்: ஜூல் வெர்ன் எழுதிய கிரீன்லாந்துப் பாட்டு ஒன்றுக்கு 1878-ல் கத்தலானி அமைத்த மெட்டு அது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு வீடு கட்டிக் குடியேற்றினார். உலகமோ அதை மறுபடியும் வீட்டிலிருந்து பிரித்துத் தெருவுக்கு அழைத்து வந்துவிட்டது.

வல்லி என்று இத்தாலியர் அழுத்தி உச்சரிக்கும்போது, தினைப்புனம் காத்த நம் குறமகளின் நாமம் காதில் விழாமற் போகாது. வால்புர்கா என்ற ஜெர்மானியப் பெயரின் செல்லச் சுருக்கம் அது; இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் இவளும் மலைமகள்தான். டிரோல் பிரதேசத்துப் பனிமலைக் கிராமத்தில், தகப்பனின் கடுமைக்கு அஞ்சாமல் வளர்ந்தவள். வில்ஹெல்மீன ஃபொன் ஹில்லெர்ன் எழுதிய ஜெர்மன் நாவலிலிருந்து லூயிஜி இல்லிகா நாடகமாக்க, 1892 ஜனவரி 20-ம் தேதி மிலான் லா ஸ்காலாவில் அரங்கேறியது. இளம் இசைநடத்துநராயிருந்த டோஸ்கனீனிக்கு அதன்மேல் இருந்த அபிமானம் எத்தகையது என்றால், தம் மகளுக்கு வல்லி என்றும் மகனுக்கு, அதே நாடகத்தில் வரும் சிறுவனின் பெயரான வால்டர் என்றும் சூட்டினார்.

இத்தனை பேறு பெற்ற படைப்பு ஏன் அபூர்வமாகிப் போயிற்று? கதாநாயகியின் பாகம் வாத்தியங்களின் முழக்கத்தைக் கடந்து ஒலிக்கும் கனத்த குரலையும், அடங்கிய மென்மையையும் ஒருங்கே கேட்கிறது. அத்தகைய குரல் தலைமுறைக்குச் சிலருக்கே வாய்க்கிறது. போதாக்குறைக்கு, முடிவில் மேடைமீது பனிச்சரிவே இறங்கிவரவேண்டும். அதோடு, கத்தலானியின் கடைசி ஆண்டுகளில் மஸ்கான்யியும் லியோன்கவாலோவும் கத்தியும் இரத்தமுமான கதைகளால் ரஸிகர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 1893 பிப்ரவரியில் புச்சீனியின் ‘மனோன் லெஸ்கோ’ டூரினில் வெற்றிக்கொடி நாட்டியது. ஆறு மாதத்தில் கத்தலானி மறைந்தார். தம் ஊர்க்காரருக்குக் கிடைத்த கரகோஷத்தைக் காதில் வாங்கிக்கொண்டு கண்மூடிய அந்த மனிதரை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிராட்டோ, பிஸ்டோயா என்று ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ரயில் லூக்காவை அடைந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே மதில். நகரத்தைச் சுற்றி நாலு கிலோமீட்டர் ஓடும் அந்தக் கோட்டைமேல் இன்று மரங்கள் வரிசையாய் நிற்க, ஜனங்கள் உலாவுகிறார்கள். அரங்கம் அதற்கு உட்புறம் சற்று தூரத்தில்தான்.

குதிரைலாடம்போல் வளைந்து அடுக்கடுக்காய் எழுந்த மாடங்களுக்குக் கீழே என் இருக்கை. பக்கத்தில் ஒரு மூதாட்டி. மடியில், ஓரங்கள் பழுத்துத் தையல் விட்டுப்போன பழைய பாடல் புத்தகம் ஒன்று. அது தம் தாயாருடையது என்று, எனக்குத் தெரிந்த சொற்ப இத்தாலிய மொழிக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாலாம் அங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நீண்ட கோடு கிழித்திருந்தது. ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

முதல் அங்கத்தில், வல்லி புனைந்ததாகச் சிறுவன் வால்டர் ஒரு பாட்டுப் பாடுகிறான்: மலையேறிப் போய்ப் பனிச்சரிவில் புதைந்த ஒரு கன்னியின் கதை. இசைத்தட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத பாட்டு அது. அதைக் கேட்டபோதே, இந்தப் பெண் தன் முடிவைத் தானே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டாளே என்று உடம்பு சிலிர்த்தது. பிறகு, நான் அறிந்த பாட்டுக்கான நேரம் வந்தது. ஒரு மாதத்தில் கெல்னர் என்பவனை மணந்துகொள், இல்லையேல் வீட்டை விட்டுப் போ என்று தகப்பன் ஆணையிட்டுவிட்டான். பாடகி, அவனிருந்த திக்கைத் திரும்பியும் பாராமல், ஒரு சிறு துணிமூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே பாடத் தொடங்கினாள். இத்தனை ஆண்டுகளாகப் பிரிவுத் துயரத்தின் உருக்கம் என்று நான் எண்ணியிருந்தது துயரமே அன்று; தலை குனியாத ஒருத்தியின் செருக்கு. முடிச்சு இறுகிய கணத்தில் உச்ச ஸ்வரமும் வந்து நின்றது. எனக்குப் பழக்கமான அதே மெட்டுத்தான், ஆனால் அன்றுதான் அதற்கு முகம் இருந்தது.

இரண்டாம் அங்கத்தின் திருவிழாவையும் முத்த நடனத்தையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தான் நேசித்தவன் பந்தயத்துக்காகப் பெற்ற முத்தத்தை வல்லி காதலென்று நம்பி ஏமாறுகிறாள், ஆத்திரத்தில் அவன் உயிரைக் கேட்கிறாள், பிறகு தானே கயிற்றில் பள்ளத்தாக்கில் இறங்கி அவனை மீட்கிறாள். நாலாம் அங்கத்துக்கு முன்னால் வாத்தியகோஷ்டி மட்டும் இசைத்த முகவுரைதான் அன்றைய இரவின் சிகரம் என்பேன். பனியின் நடுவே மனுஷ்ய வாசனையற்ற தனிமை. அதன் நிசப்தத்தையே நாதமாக்கியிருந்தார், மரணம் தம்மை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர். பக்கத்து மூதாட்டி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பென்சில் கோடு இருந்த பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். காதலன் பனிச்சரிவில் மறைய, வல்லியும் அதற்குள் பாய, வெண்ணிற ஒளி மேடையை விழுங்க, அரங்கம் சிறிது நேரம் கை தட்டவும் மறந்து அமர்ந்திருந்தது.

மறுநாள் காலை, கத்தலானி துயிலும் சாந்தா அன்னா கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டு ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்தேன். அயல்நாட்டவனைக் கண்டதும் கடைக்காரப் பெண்மணி வழக்கம்போலப் புச்சீனி வீட்டுத் திக்கில் கையை நீட்டினார். இல்லை, கத்தலானி என்றேன். நீட்டிய கை நின்றது. அந்த ஒரே பாட்டின் முதல் இரண்டு அடிகளை மெல்ல முணுமுணுத்துவிட்டு, மேற்கு வாசலுக்கு வெளியே நேராகப் போகும்படி சொல்லி, வெதுவெதுப்பான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.